இளைஞர் உளநலமும் தலைமைப் பயிற்சியும்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அதனை வைத்தியரிடத்துக் கொண்டுபோதலில் நம்மவருள் எவருந் தாமதியார். உள்ளம் நோயுற்ற பிள்ளையையோ பஞ்சிக்காரன் என்றும், அடங்காதவன் என்றும், வாயில்லாப் பூச்சி என்றும் பெயரிட்டு விட்டுவிடுகின்றோம். பெயரிட்டமாத்திரத்தே நமது கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணுதலும் நம்மிடத்து உண்டு.

இக்காலத்திலே தலைமைப் பயிற்சி என்னுஞ் சொல் பாடசாலைகளிலும் இளைஞர் கழகங்களிலும் பெருக வழங்குகின்றது. ஒருநாட் பட்டறையும், ஒரு சான்றிதழும், ஒரு நிழற்படமுமே அதன் முழுவடிவம் என்று பலர் கொள்ளுகின்றனர். அப்பயிற்சி இளைஞரது உளநலத்துக்கு எவ்வாறு உதவும், எப்பொழுது உதவாது, எப்பொழுது தீங்காய் முடியும் என்பவற்றை விசாரித்தலே இப்பாடத்தின் நோக்கம். ஆசிரியர், பெற்றோர், சங்கங்களை நடாத்தும் பெரியோர், மேல்வகுப்பு மாணாக்கர் ஆகிய நால்வகையினரும் இதனைத் தத்தமக்கு உரியதாகக் கொண்டு வாசிப்பாராக.

1. உளநலம் இன்னதென்பது

உளநலமாவது நோயின்மை மாத்திரமன்று. வாழ்க்கையில் வரும் இடர்களைத் தாங்குதல், தன் ஆற்றலைத் தான் அறிதல், நன்றாகக் கற்றலும் தொழில்செய்தலும், தான் வாழுஞ் சமுதாயத்துக்குப் பயன்படுதல் என்னும் இவற்றுக்கு இடந்தரும் மனநிலையே உளநலம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தார் கருத்து. இவற்றுள் ஈற்றில் நின்றதனை ஊன்றி நோக்குக. பிறர்க்குப் பயன்படுதல் உளநலம் உடையார் செய்யும் ஒரு செயல் மாத்திரமன்று. அது தானே உளநலத்தின் ஓர் உறுப்பாம். தலைமைப் பயிற்சிக்கும் உளநலத்துக்கும் உள்ள தொடர்பு இவ்விடத்தே தொடங்குகின்றது.

பத்து வயது முதற் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுள் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஓர் உளநோயால் வருந்துகின்றனர் என்று அந்த ஸ்தாபனத்தார் கணித்திருக்கின்றனர். முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பிலே இவ்வீதப்படி ஐவர் இருப்பர். அவ்வைவர் யாவர் என்று நம்முள் எத்தனை ஆசிரியர் சொல்லவல்லேம்?

2. செட்டிகுளம் கண்டது

செட்டிகுளம் வவுனியா மாவட்டத்திலே குளமும் வயலுங் காடுஞ் சூழ்ந்த ஒரு பிரதேசம். மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதை இதனூடே செல்கின்றது. யுத்தத்தினால் 1990 இல் நின்றுபோன அப்பாதை, 2015 இலேதான் தலைமன்னார்வரை மீளத் திறக்கப்பட்டது. தம்மூர் நிலையத்திலே ஒரு புகையிரதம் வந்து நிற்றலைக் காணாமலே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவராயினர்.

2009 இல் யுத்தம் முடிவுற்றபோது, வன்னியிலிருந்து வந்த சனங்களை வைத்த மெனிக்பாம் முகாம்கள் இச்செட்டிகுளப் பகுதியிலேதான் அமைந்தன. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தறப்பாட் கொட்டில்களிலே தங்கினர். முகாம்களின் பகுதிகளுக்குக் கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தலைவர்களின் பெயர் இடப்பட்டிருந்தது. பெயரோ தலைவர் பெயர். உள்ளிருந்தாருக்கோ முதன்மாதங்களில் வேலிக்கு வெளியே செல்லும் அதிகாரமும் இல்லை. உண்பது, உடுப்பது, நீர் அள்ளுவது ஆகிய யாவும் பிறர் குறித்த நேரத்திலே நடந்தன. ஈற்றில் இருந்த சனங்கள் 2012 புரட்டாதி மாதத்திலே வெளியேற, முகாம் மூடப்பட்டது.

இறுதி யுத்தத்துக்குப் பல வருடம் முன்னரே வடகிழக்கின் யுத்தப் பகுதிப் பாடசாலைப் பிள்ளைகளிடத்து ஓர் ஆய்வு நடந்தது. அது 2009 இல் வெளியாயிற்று. குண்டுவீச்சு, உற்றார் இறத்தலை நேரிற் காணல் முதலிய கொடிய அநுபவங்களை நூற்றுக்கு 92 பிள்ளைகள் அடைந்திருந்தனர் என்றும், நூற்றுக்கு 25 பேர் அவற்றால் விளைந்த மனவடு நோயுடையராயிருந்தனர் என்றும், அவர்களது ஞாபகசக்தியுங் கல்வியுங் குன்றியிருந்தன என்றும் அதனால் அறிகின்றோம். அப்பிள்ளைகளுட் பலர் இன்று தாய்தந்தையராயினர். ஆகவே இது பழங்கதை என்று தள்ளத்தக்கதன்று.

3. வெண்கட்டிப் பெட்டி

யாமும் அம்முகாமிலே குடும்பத்தோடு தங்கி, ஒரு கொட்டிலிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னோம். சொல்லும் ஆசிரியருங் கேட்கும் மாணாக்கரும் ஒரே வரிசையில் நின்று சோறு வாங்கிய காலம் அது. அவ்வாண்டு ஆவணியில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளும் அம்முகாமிலே இருந்தனர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

எம் வகுப்பிலே பதினான்கு வயதுள்ள ஒரு சிறுவன் இருந்தான். தந்தையையுந் தமக்கையையும் இழந்தவன். நாடோறும் வருவான், ஓரத்தில் இருப்பான், பேசான். உலங்குவானூர்தியின் ஒலி கேட்டால் நிலத்திலே குப்புறப் படுப்பான். ஆறுதல் சொன்னோம், கதை சொன்னோம், மிட்டாய் கொடுத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. அவனைத் தேற்றவேண்டிய ஒருவனாகவே யாம் நடாத்தினோம்; அவனால் ஏதேனும் ஆகும் என்று யாம் நினைத்திலேம்.

வெண்கட்டி அக்காலத்திலே அரிய பொருள். ஒருநாள் வேறு எவருங் கிட்டாமையினால், வெண்கட்டிப் பெட்டியை அவன் கையிற் கொடுத்து, "இதை நீ பார்த்துக்கொள், மாலையில் எண்ணி என்னிடந் தா" என்றோம். இதிலே யாதொரு யுக்தியும் இருந்ததில்லை. ஐந்தாம் நாள் மாலை அவன் எம்மெதிரே வந்து நின்று, "சேர், மூன்று குறையுது" என்றான். அவ்வகுப்பிலே அவன் பேசிய முதல் வார்த்தை அது. மறுநாள் குறைந்த மூன்றையுங் கண்டுபிடித்தான். கீழ்வகுப்புப் பிள்ளைகள் எடுத்துச்சென்று கொட்டில் ஓரத்திலே படங் கீறியிருந்தனர். அவர்களை அவன் ஏசவில்லை. உடைந்த துண்டுகளைத் திரட்டி, நாடோறும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக் கொடுத்தான். சில வாரத்தில் அச்சிறுபிள்ளைகள் தண்ணீர் வரிசையிலும் அவன் பின்னே நின்றனர்.

இதனாற் பையன் நோய் நீங்கினான் என்று யாம் சொல்லோம். இரவிலே அலறி எழுதல் நெடுங்காலம் இருந்தது. பின்னர் வைத்தியமுஞ் செய்தனர். ஆயினும் வைத்தியரிடத்துத் தன் துன்பத்தைச் சொல்லும் வாய் அவனுக்கு அந்தப் பெட்டியால் வந்தது. இன்று அவர் நீரிறைக்கும் இயந்திரந் திருத்துந் தொழில் செய்கின்றார். தம்மூர் விளையாட்டுக் கழகத்துக்குப் பொருளாளரும் அவரே.

4. இது பலித்ததற்குக் காரணம்

ஒரு பையனிடத்து நேர்ந்ததைக்கொண்டு விதி வகுத்தல் தகாது. ஆதலாற் கடல் கடந்த வேறொரு தீவிலே நெடுங்காலம் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் காண்போம். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயிலே 1955 இற் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வேர்ணர் என்னும் உளநூல் அறிஞரும் அவர்தங் கூட்டத்தாரும் பிறப்புமுதல் நடுவயதுவரை தொடர்ந்து நோக்கினர். வறுமை, குடும்பக் கலகம், பெற்றோரின் உளநோய் முதலிய பல இடர்களின் நடுவே பிறந்த பிள்ளைகளுள் மூன்றிலொரு பங்கினர் தளராது, அன்பும் ஆற்றலும் உடையவராய் வளர்ந்தனர். அவர்களிடத்துக் காணப்பட்ட துணைகளுள் இரண்டு நமக்கு இங்கே வேண்டுவன. அவையாவன: தம்மை நம்பி அன்புசெய்யும் ஒரு பெரியவராயினும் இருந்தமை, குடும்பத்துக்கோ சுற்றத்துக்கோ வேண்டிய ஒரு மெய்யான வேலையைத் தாம் செய்துவந்தமை.

இன்னும், தன்னால் ஒன்று முடியும் என்னும் நம்பிக்கை எவ்வாறு பிறக்கின்றது என்பதனை அல்பேட் பண்டூரா என்பவர் 1977 இல் விளக்கினார். புகழ்ச்சியாலும் உபதேசத்தாலும் அந்நம்பிக்கை சிறிதே வளரும். தானே ஒன்றைச் செய்து முடித்தலினாற் பெரிதும் வளரும் என்பது அவர் கொள்கை. முகாமிலே யாவும் பிறராற் குறிக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு, தன் கணக்கினால் நடக்கும் பொருள் ஒன்று கிடைத்தது. இழந்தவை பலவாக, தன் கையில் மீண்டது அவ்வொன்று. அதன் சிறுமையை நோக்கற்க. அது மெய்யாதலை நோக்குக.

5. தலைமை எது, சட்டாம்பிள்ளைத்தனம் எது

மாணாக்கனுக்கு மாணாக்கனைத் தலைவனாக்கல் மேனாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. நமது திண்ணைப் பள்ளிகளிலே மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாய் நின்று இளையோர்க்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் ஈற்றிலே சென்னையில் ஓர் அநாதச் சிறுவர் பாடசாலையை நடாத்திய அந்திரு பெல் என்னும் பாதிரியார், நம்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவர்க்கொருவர் கற்பித்தலைக் கண்டு, அம்முறையைத் தம் பாடசாலையிற் கையாண்டு, 1797 இல் அதனை நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்திலே சென்னை முறை என்று பெயர்பெற்றுப் பரவிற்று. யாம் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையில் இருந்த மாணவ முதல்வர் முறையிலும் அதன் சாயலைக் காண்கின்றோம். நாம் கொடுத்தது வேறு உடையில் நம்மிடமே திரும்பிவந்தது.

ஆயினும் சட்டாம்பிள்ளை என்னுஞ் சொல் நம்மிடத்து ஏன் வசைச்சொல்லாயிற்று என்றும் ஆராய்தல் வேண்டும். எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை பிரம்பையும் பிடித்தது. ஏவுதலே தலைமை என்று பிள்ளை கற்றான். அவ்வாறு கற்றவன் உள்ளமும் நலிவுறும். அவனுக்கு அஞ்சியோர் உள்ளமும் நலிவுறும். ஆதலின், பிறர்க்கு வேண்டியதை முன்சென்று செய்தலே தலைமை என்றும், பிறரைத் தனக்குச் செய்வித்தல் தலைமையன்று என்றும் முதலிலே தெளிவித்தல் வேண்டும்.

பெரியோராகிய நம்மைக் குறித்தும் ஒன்று சொல்லாது விடலாகாது. ஊர்ச் சங்கங்களிலே இருபது வருடம் ஒருவரே தலைவராய் இருத்தலும், இளைஞருக்குக் கதிரை சுமத்தலும் பந்தல் கட்டலும் மாத்திரங் கிடைத்தலும் நாம் காண்பனவே. கணக்குப் புத்தகத்தை ஒருநாளும் அவர்க்குக் காட்டாமல், "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்று பேசுகின்றோம். கொடாத பொறுப்பை அவர்கள் எங்ஙனங் காட்டுவர்?

6. யாம் செய்த தவறு

பொறுப்பு நன்றென்று கண்டபின், அதனை அளவின்றிக் கொடுத்தோம். அதனால் விளைந்ததையும் மறையாது சொல்லுகின்றோம்.

முகாம் மூடிச் சில வருடத்தின்பின் யாம் கற்பித்த ஒரு பாடசாலையிலே பதினாறு வயதுள்ள ஒரு மாணவி இருந்தாள். தந்தை காணாமற்போனவர். தாய் கூலிவேலைக்குச் செல்வார். இரண்டு தம்பிமாருக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டே அவள் பாடசாலைக்கு வருவாள். இட்ட வேலையைக் குறைவின்றிச் செய்வாளாதலின் அவளை மாணவ தலைவியாக்கினோம்; மன்றத்துக்குச் செயலாளராக்கினோம்; விழாவொன்று வந்தால் அவளையே அழைத்தோம். மேடையிலே புகழ்ந்தோம். அவள் ஒருபொழுதும் மறுத்திலள்.

ஒருநாட் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். வெயில் என்றோம். பின்னொருநாட் கட்டுரைக் கொப்பியிலே, விழியாமல் உறங்கினால் நல்லது என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். யாம் அதிலிருந்த ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையினால் திருத்திக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். அக்கொப்பியைத் தற்செயலாகக் கண்ட ஓர் ஆசிரியை, உளவளத்துணைப் பயிற்சி பெற்றவர், அன்று மாலையே எம்மிடம் வந்து, "ஐயா, இந்த வசனத்தை வாசித்தீர்களா?" என்று கேட்டார். வாசித்தோம், பிழை திருத்தினோம், ஆனால் வாசித்திலேம். அவ்வாசிரியை அவளோடு இருந்து பேசித் தாயையும் அழைத்து, வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கொண்டுபோயினார். அவள் தேறினாள். பொறுப்புக்களை எல்லாம் இறக்கிவைத்து, முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தலை மாத்திரந் தானே விரும்பி வைத்துக்கொண்டாள்.

இதனால் யாம் கற்றது: வன்னியிலே பல பிள்ளைகள் ஏற்கெனவே தலைவராயிருக்கின்றனர். வீட்டுக்குத் தலைவர், தம்பி தங்கையர்க்குத் தாய்தந்தையர். கையில் ஒன்றுமில்லாத பையனுக்கு வெண்கட்டிப் பெட்டி மருந்தாயிற்று. சுமை நிறைந்த தலைக்கு அதுவே இன்னுமோர் சுமையாயிற்று. அத்தகைய பிள்ளைக்குத் தலைமைப் பயிற்சியாவது, "எனக்கு உதவி வேண்டும்" என்று கேட்கப் பழக்குதலேயாம்.

வடமாகாணத்திலே 399 பாடசாலைப் பிள்ளைகளிடத்து நடந்து 2012 இல் வெளியான வேறோர் ஆய்வும் இதற்குச் சார்பாயுள்ளது. வகுப்பிலே கூட்டாக நடாத்திய உளநலப் பயிற்சி சிலர்க்கு நன்மை தந்தது. மனவடுவைப் பொறுத்தவரை ஆண்பிள்ளைகட்கு உதவி, பெண்பிள்ளைகட்கு உதவாததோடு சிறிது பாதகமாயும் நின்றது. நல்லெண்ணத்தோடு செய்வதும் எல்லார்க்கும் ஒரே விதமாகப் பலியாது என்றறிக.

7. கைக்கொள்ளற்பாலன

முதலாவது, கொடுக்கும் வேலை மெய்யானதாயிருத்தல் வேண்டும். செய்யாதொழியின் ஒருவர்க்கேனுங் குறை நேர்வதே மெய்யான வேலை. நூலகப் புத்தகக் கணக்கு, கீழ்வகுப்புக்கு வாசித்துக் காட்டல், திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தல், பாடசாலைத் தோட்டம், குளக்கட்டுச் சிரமதானத்திற்கு ஆள் திரட்டல் என்பன போல்வன இவ்வூரிலே உண்டு. சட்டையிற் குத்துஞ் சின்னம் வேலையாகாது.

இரண்டாவது, வேலை சிறிதாய், முடிவு தெரிவதாய் இருத்தல் வேண்டும். ஒரு தவணைக்குமேல் ஒரே சுமை ஒருவரிடத்து நிற்றலாகாது.

மூன்றாவது, முறைவைத்துக் கொடுத்தல் வேண்டும். முதலாம் பிள்ளையையும் நாவன்மை உடையானையுமே தெரிதல் நமது பழக்கம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளையும், பின்வரிசைப் பிள்ளையும், திக்கிப் பேசும் பிள்ளையும் தம் முறையைப் பெறல் வேண்டும்.

நான்காவது, தனியே விடலாகாது. இருவரை ஒரு வேலைக்கு இடுக. வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெரியவர் அவர்களோடு இருந்து, வேலை எப்படி என்று கேட்பதற்கு முன்னே, "நீ எப்படி இருக்கின்றாய், வீட்டில் எப்படி" என்று கேட்டல் வேண்டும்.

ஐந்தாவது, தவறினாற் சபையிலே நாணப்படுத்தலாகாது. கணக்குக் குறைந்தால் உடனிருந்து எண்ணுக.

ஆறாவது, பொறுப்பை இறக்கிவைத்தல் இழிவன்று என்று முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும்.

8. தலைமையால் ஆகாத இடம்

பொறுப்பு மருந்துக்குத் துணையாம், மருந்துக்குப் பதிலாகாது. உறக்கமும் ஊணும் இரண்டு வாரத்துக்குமேற் குலைதல், நண்பரை விட்டு ஒதுங்கல், விரும்பியவற்றிலே விருப்பறுதல், மதுவிலும் போதைப்பொருளிலும் வீழ்தல், தன் உடம்பைத் தான் வருத்தல், சாவைக் குறித்துப் பேசுதல் அல்லது எழுதுதல் என்னும் இவை காணப்படின் உரியவரிடங் கொண்டுபோதல் வேண்டும்.

மாணவ தலைவர்களே, இதனை உங்கட்கே சொல்லுகின்றோம். உங்கள் தோழரொருவர் சாக நினைப்பதாக உங்களிடஞ் சொல்லின், அதனை ஒளித்துவைப்பதாக வாக்குக் கொடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வெளிப்படையாகக் கேட்டலால் அவ்வெண்ணம் புதிதாகப் பிறக்கும் என்று அஞ்சவேண்டாம். அது தவறான அச்சம். நீங்கள் நம்பும் ஒரு பெரியவரிடம் அன்றே சொல்லுங்கள். அதன்பின் அச்சுமை உங்களுடையதன்று; பெரியவருடையது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவும், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் இதற்கென்றே உள்ளன.

கமக்காரக் குடும்பத்தாருக்கு ஒன்று. வயலுக்கு அடிக்குங் கிருமிநாசினியைப் பூட்டிவைத்துத் திறப்பை ஒளித்துவைக்க. 1995 இல் இலங்கையில் இலட்சத்துக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கொடிய கிருமிநாசினிகளைப் படிப்படியே தடைசெய்தபின் அத்தொகை பாதிக்கும் மிகக் கீழே இறங்கிற்று. சாவை நாடும் மனம் பெரும்பாலும் சிறிதுநேரம் நிற்பதே; அந்நேரத்திலே கையருகே நஞ்சில்லையாயின் உயிர் தப்பும்.

9. முடிபு

பிள்ளையை ஒன்றும் ஆகாதவன் என்று கைவிடலும் பிழை. எல்லாம் ஆவான் என்று சுமத்தலும் பிழை. ஒரு சிறு மெய்யான வேலையும், அதனோடு உடனிருந்து கேட்கும் ஒரு பெரியவருமே வேண்டுவன. இதற்குப் பணம் வேண்டா; கட்டடம் வேண்டா. இதனை வாசித்த ஆசிரியர் நாளைக் காலை வகுப்பிற் புகும்போது, பேசாதிருக்கும் பிள்ளை எது, எல்லா வேலையுஞ் செய்யும் பிள்ளை எது என்று இரண்டினையும் நோக்குவாராக. முன்னதற்கு ஒன்று கொடுக்க. பின்னதிடத்து ஒன்று வாங்குக.

தேர்வு வினாக்கள்

1. உளநலமாவது யாது? பிறர்க்குப் பயன்படுதல் அதனோடு எவ்வாறு இயைபுடையது?
2. கவாய்த் தீவின் ஆராய்ச்சியால் அறியப்படுந் துணைகளுள் இரண்டு எவை?
3. சட்டாம்பிள்ளை என்னுஞ் சொல் வசைச்சொல்லாயினமைக்குக் காரணம் என்ன?
4. பொறுப்பு எவர்க்கு மருந்தாம்? எவர்க்குச் சுமையாம்?
5. தோழர் ஒருவர் சாக நினைப்பதாகச் சொல்லின் செய்யத்தக்கன எவை? செய்யத்தகாதது எது?
6. உம்முடைய சங்கத்திலே இளைஞர் கையிற் கொடுக்கத்தக்க மெய்யான வேலை ஒன்று கூறுக. அதனை இதுவரை கொடாதிருந்தமைக்குக் காரணம் என்ன?